மூணு வருஷம் ஃபேன்ஃபிக் மட்டுமே படிச்ச ஒரு ஆளோட ஏஓ3 ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது அஞ்சுக்கு நாலு ஸ்டார் ரிவ்யூ. அந்த ஒரு ஸ்டாரை ஏன் குறைச்சேன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். படிச்சு முடிச்சதும் அது சைட்டோட தப்பு இல்லையே உன் தப்புதானேன்னு கேப்பீங்க, கேளுங்க, நானும் பாதி அப்படித்தான் நினைக்கறேன்.

ஏஓ3னா ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். தெரியாதவங்களுக்காக: ஏற்கனவே இருக்கற ஒரு கதையோ சீரியலோ கேமோ, அதுல வர்ற ஆளுங்களை எடுத்து ரசிகர்களே எழுதற கதைங்களை, அதாவது ஃபேன்ஃபிக்கை, சேர்த்து வெச்சிருக்கற இடம். 2007ல ஆரம்பிச்ச ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ்னு லாப நோக்கமே இல்லாத ஒரு அமைப்பு நடத்துது, சைட்டை 2009 நவம்பர்ல திறந்தாங்க, விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது, நன்கொடையிலயும் வாலண்டியர்ஸ் உழைப்புலயும்தான் ஓடுது. 2019ல ஹ்யூகோ விருதே குடுத்தாங்க, சைன்ஸ் ஃபிக்ஷன் ஆளுங்க தலையில வெச்சு கொண்டாடற விருது. கதை எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டி எங்கயோ போயாச்சு. படிக்கறதுக்கு பெரும்பாலும் அக்கவுண்ட் வேணாம், ஆனா வேணும்னா இன்விடேஷன் கேட்டு க்யூல நிக்கணும், நின்னேன், வொர்த்து, ஹிஸ்டரி, பிற்பாடு படிக்க மார்க் பண்றது, அப்டேட் வந்தா மெயில் எல்லாம் அப்பதான் கிடைக்கும்.

நான் 2020ல உள்ள போனேன். 2023 பாதி வரைக்கும் வேற எதுவுமே படிக்கல. எதுவுமேன்னா எதுவுமே. அதுக்கு முன்னாடி மாசத்துக்கு ரெண்டு மூணு நாவல் படிக்கற ஆளு நான், தலையணை பக்கத்துல எப்பவும் ஒண்ணு கவுந்து கிடக்கும். மூணு வருஷத்துல அந்த இடத்துல சார்ஜர் மட்டும்தான் கிடந்துச்சு.

என் ஃபேண்டம், அதாவது நான் சேர்ந்த ரசிகர் கூட்டம், ஷெர்லாக் ஹோம்ஸ். சிரிக்காதீங்க. டிவில வந்ததெல்லாம் தனி, நான் கானன் டாயல் எழுதின அந்த ஒரிஜினல், நாலு நாவல் 56 சிறுகதை, அந்த ஃபேண்டம். இத சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஃபேன்ஃபிக் எப்படி வேலை செய்யுதுன்னு இதவிட சுலபமா காட்ட முடியாது. ஹோம்ஸோட நண்பர் வாட்சனுக்கு போர்ல குண்டு பட்டுச்சுல்ல, முதல் நாவல்ல அது தோள்ல. ரெண்டாவது நாவல்ல கால்ல. டாயல் மறந்துட்டாரு, அவ்ளோதான், அவருக்கு இதெல்லாம் பெருசா மதிப்பில்ல, சரித்திர நாவல்தான் உசத்தின்னு நினைச்ச மனுஷன். ஆனா படிக்கறவன் விடுவானா. நான் இந்த ஒரு குழப்பத்தை மட்டும் வெச்சு எழுதின கதைங்க எத்தனை படிச்சிருக்கேன் தெரியுமா, ஒருத்தர் ரெண்டு குண்டுங்கறாரு, ஒருத்தர் வாட்சன் பொய் சொல்றாருங்கறாரு, ஒண்ணுல கால் வலி நிஜமே இல்ல மனசுல இருக்கற வலிங்கறாங்க, இன்னொண்ணுல வாட்சன் ரெண்டாவது காயத்தை எங்க வாங்குனாருன்னு ஹோம்ஸ் கடைசி வரைக்கும் கேக்காமலே இருக்கறதுதான் மொத்த கதையே. அந்த கடைசி கதை ரெண்டாயிரம் வார்த்தைதான் இருக்கும், ராத்திரி ஒன்றரை மணிக்கு படிச்சுட்டு ஃபோனை நெஞ்சு மேல வெச்சுட்டு மேல ஃபேனையே பாத்துட்டு இருந்தேன்.

புஸ்தகத்துல இந்த வேகம் வராது. ஏன்னா ஆளுங்களை அறிமுகப்படுத்தற வேலையே இங்க இல்ல. முதல் வரியிலயே எல்லாரும் நமக்கு சொந்தக்காரங்க. கச்சேரில தெரிஞ்ச ராகத்தை வித்வான் எடுக்கும்போது முதல் ரெண்டு ஸ்வரத்துலயே தலை ஆடுதுல்ல, அது மாதிரி, அப்புறம் அவரு எங்க வளைக்கறாரு எங்க நிறுத்தறாருங்கறதுதான் விஷயம். ராகம் புதுசா இல்லையேன்னு யாரும் எழுந்து போறதில்ல.

சரி, சைட்டுக்கு வர்றேன். இதோட உயிரே டேக்ஸ்தான். ஒவ்வொரு கதைக்கும் மேல எழுதினவங்களே டேக் போடுவாங்க, ரேட்டிங், யாரு யாரோட ஜோடி, முக்கியமான ஆள் யாராவது சாவாங்களா, வன்முறை இருக்கா, எல்லாம். அதுக்கு கீழ இஷ்டத்துக்கு, ஸ்லோ பர்ன் (மெதுவா பத்தற காதல்), ஹர்ட் கம்ஃபர்ட் (ஒருத்தர் அடிபட இன்னொருத்தர் தேத்தறது), விரோதிங்க காதலர்கள் ஆகறது, ஒரே ஒரு கட்டில்தான் இருந்துச்சு, முன்கூட்டியே படிச்சு திருத்தற பீட்டா ரீடர் கிடையாது எழுத்துப்பிழை எல்லாம் என்னோடது, இப்படி. இதுல ஆச்சரியம் என்னன்னா ஆளாளுக்கு ஒரே விஷயத்தை பத்து விதமா டைப் பண்ணுவாங்க, அத்தனையையும் டேக் ராங்லர்ஸ்னு ஒரு வாலண்டியர் கூட்டம் உக்காந்து கையால இணைக்குது. நீங்க ஒண்ணைத் தேடினா பத்தும் வரும். லைப்ரரில கேட்டலாக் போடற வேலை, ஆனா படிக்கறவங்களே செய்யறது, சம்பளம் இல்லாம. நான் பாத்த எந்த புஸ்தக ஆப்லயும் இந்த அளவுக்கு தேடற வசதி இல்ல, நான் சத்தியமா சொல்றேன்.

ஃபில்டர் இன்னும் மேல. முடிஞ்ச கதை மட்டும் காட்டு, அம்பதாயிரம் வார்த்தைக்கு மேல காட்டு, இந்த ஜோடி வேணும், அந்த ஜோடி வேணாம், சாவு வேணாம், குழந்தைக்கு கஷ்டம் வேணாம், எல்லாத்தையும் டிக் அடிச்சா நமக்குன்னே சமைச்ச மாதிரி ஒரு லிஸ்ட் வந்து நிக்கும். இபப்னு மின்புத்தக ஃபைலா இறக்கி ரீடர்ல போட்டுக்கலாம், பிடிஎஃப்பும் உண்டு. இதுக்கெல்லாம் யாரும் காசு கேக்கறதில்ல, எழுதறவங்களும் அங்க காசு கேக்கக்கூடாதுங்கறது சட்டதிட்டத்துலயே இருக்கு, அடுத்த அத்தியாயம் வேணும்னா இங்க பணம் போடுங்கன்னு லிங்க் குடுத்தா எடுத்துடுவாங்க. இதுக்கு முன்னாடி வேற ஒரு கதை ஆப்ல இருந்தேன், பேரு வேணாம், காதலன் கதவைத் திறக்கற இடத்துல அத்தியாயத்தை நிறுத்திட்டு காயின் கேக்கும். அங்கேருந்து இங்க வந்தவனுக்குத்தான் இந்த நிம்மதி புரியும்.

இன்னொண்ணு, கமெண்ட். நாலு வருஷம் முன்னாடி போட்ட ஒரு கதைக்கு கீழ நான் நாலு பாரா எழுதினேன், ஹோம்ஸ் அந்த கடிதத்தை மடிச்ச விதத்தைப் பத்தி மட்டுமே ஒரு பாரா. எட்டு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, அந்த மடிப்பை யாரும் கவனிக்கலைன்னு நினைச்சேன், இந்த ஒரு கமெண்ட்டுக்காக அடுத்த பாகம் எழுதறேன்னு. எழுதினாங்க. எந்த பப்ளிஷர் எனக்கு இத குடுப்பாங்க சொல்லுங்க. குடோஸ்னு ஒரு இதய பட்டன் இருக்கு, ஒரு கதைக்கு ஒரு தடவைதான் குடுக்க முடியும், மறுபடி அமுக்கினா ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னு சொல்லும், அதுவே ஒரு சந்தோஷம், ஓ இத நான் முன்னாடியே படிச்சு அழுதிருக்கேன் போலன்னு.

இதெல்லாம் படிப்பே இல்லன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. அவங்களோட நான் சண்டை போட்டு போட்டு ஓஞ்சாச்சு. அடுத்தவங்க பாத்திரத்தை எடுத்து எழுதறது சோம்பேறித்தனம்னா கம்பரை எங்க வெக்கறது. புதுமைப்பித்தன் அகலிகையை எடுத்து சாபவிமோசனம் எழுதினாரு, கதைக்கு மேலயே ஒரு குறிப்பும் போட்டாரு, ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இது பிடிபடாம போகலாம், பிடிக்காமக்கூட போகலாம், அதப்பத்தி எனக்கு கவலை இல்லங்கற மாதிரி. இத முதல் தடவை பாத்தப்ப எனக்கு சிரிப்பு தாங்கல, ஏஓ3ல தினம் நூறு பேர் இதேதான் எழுதறாங்க, பிடிக்கலன்னா படிக்காதீங்க, பேக் பட்டன் அங்க இருக்குன்னு. அட்சர சுத்தமான ஆத்தர்ஸ் நோட். கல்கி பொன்னியின் செல்வனை முடிச்ச இடத்துலருந்து விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதினாரு, அதையும் வாரிச்சுருட்டி படிச்ச சனம்தான நாம. 2011ல வந்து உலகம் முழுக்க வித்த ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரேவே டுவைலைட்ங்கற நாவல் வரிசைக்கு எழுதின ஃபேன்ஃபிக்தான், பேரை மாத்திட்டு அச்சாச்சு. நல்ல கதையாங்கறது வேற விஷயம். கோடு எங்க இருக்குன்னு கேட்டா கோடே இல்ல, அவ்ளோதான் நான் சொல்ல வந்தது.

அப்போ ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்?

2023 ஜூலைல சைட்டை யாரோ தாக்கினாங்க, டிடாஸ் அட்டாக், அதாவது பொய்யான ட்ராஃபிக்கைக் கொட்டி முடக்கறது, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க திறக்கல. வாலண்டியர்ஸ் பாவம் ராத்திரி பகலா உக்காந்து மீட்டாங்க, அதுல அவங்களை குறை சொல்ல ஒண்ணும் இல்ல, சல்யூட். ஆனா அந்த ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ரீஃப்ரெஷ் பண்ணிப் பண்ணி பாத்துட்டு சரி விடுன்னு அலமாரில கைய விட்டா வாங்கி பிரிக்காம வெச்சிருந்த ஒரு நாவல் வந்துச்சு. பேரு சொல்லல, ஏன்னா நாவல் நல்ல நாவல், நான்தான் அன்னிக்கு நல்ல வாசகனா இல்ல.

முதல் அத்தியாயத்துல ஒரு ஆளு விளக்கோட கண்ணாடியைத் துடைக்கறாரு. நாலு பக்கம். அவரு பேரே மூணாவது பக்கத்துலதான் வருது. ஒரு பொம்பள வாசல் வரைக்கும் வந்துட்டு ஒண்ணும் பேசாம திரும்பிப் போறாங்க. எனக்கு நிஜமாவே உடம்பு நமநமன்னுச்சு. இவங்க ரெண்டு பேரும் ஜோடியா இல்லையா? அவரு சாகப்போறாரா? இது எத்தனை சோகம், கடைசில சரியாகுமா ஆகாதா? பக்கத்தை மேல தேய்ச்சு டேக்ஸ் பாக்கணும்னு கட்டைவிரல் பேப்பர் மேல போச்சு. மிகைப்படுத்தல, நிஜமாவே போச்சு. 31ஆவது பக்கத்துல புஸ்தகத்தை கவுத்து வெச்சுட்டு நெட்ல முடிவைத் தேடிப் படிச்சேன். படிச்சதும் நிம்மதி வந்துச்சு, நாவலும் செத்துப் போச்சு, தொடவே இல்ல அப்புறம்.

பழைய நான் இப்படி இல்ல. 300 பக்கம் யாரு நல்லவன்னே தெரியாம படிச்சிருக்கேன், அதுலதான் ருசியே. மூணு வருஷத்துல என்ன ஆச்சுன்னா, நான் கேட்டது மட்டுமே எனக்கு கிடைச்சிருக்கு. அந்த ஃபில்டர் பாக்ஸ்ல நான் டிக் அடிச்சது அத்தனையும் கிடைச்சுது, டிக் அடிக்காதது ஒண்ணுகூட உள்ள வரல. மூணு வருஷம், நூத்துக்கணக்குல கதை, ஒண்ணுகூட என்னை கேக்காம எங்கயும் கூட்டிட்டுப் போகல. எல்லாமே நல்லா இருந்துச்சு, எதுவும் தூக்கிவாரிப் போடல.

டேக்ஸை நான் குறை சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. சில விஷயம் நடந்து முடிஞ்சவங்களுக்கு அந்த எச்சரிக்கை இல்லாம ஒரு கதைக்குள்ள போறது கண்ணைக் கட்டி கிணத்து மேல நடக்கற மாதிரி. எனக்கு தெரிஞ்ச ஒருத்தங்க, வீட்டுல ஒரு சாவுக்கப்புறம் ஒரு வருஷம், சாவு, வன்முறை மாதிரி ஆர்க்கைவ் எச்சரிக்கை எதுவும் பொருந்தாதுன்னு போட்ட கதைய மட்டும்தான் படிச்சாங்க, அதனாலதான் படிக்கவாவது முடிஞ்சுது. அச்சு புஸ்தகத்துல பின்னட்டைல எழுதியிருக்கறதை நம்பி ஏமாறாதவங்க யாரு, மனதை வருடும் குடும்பக் கதைன்னு போட்டிருக்கும், உள்ள போனா நடு அத்தியாயத்துல குழந்தை செத்துப்போகும். அந்த வகையில புஸ்தகக்காரங்கதான் இவங்ககிட்ட கத்துக்கணும். என் பிரச்சினை வேற, எனக்கு அந்த எச்சரிக்கை மருந்தா வேண்டியிருக்கல, தீனியா ஆகிடுச்சு.

இது எனக்கு சரியா உறைச்சது டாயலைத் திரும்ப எடுத்தப்பதான். விட்ட பழக்கத்தை பிடிக்கணும்னா தெரிஞ்ச ஆளுங்க இருக்கற புஸ்தகம்தான் சரின்னு ஹோம்ஸ் ஒரிஜினலையே முதல்லேருந்து ஆரம்பிச்சேன், ஒரு நாளைக்கு ஒரு கதை, தூங்கறதுக்கு முன்னாடி. எடுத்த எடுப்புலயே அடி. இந்த வாட்சன் என் வாட்சன் இல்ல. என் வாட்சன் பொறுமையா டீ போட்டுக் குடுக்கற, ஹோம்ஸ் தலையில கட்டு போடற, உள்ளுக்குள்ள உருகற ஆளு. ஒரிஜினல் வாட்சன் கொஞ்சம் முன்கோபி, கிண்டலடிப்பாரு, கல்யாணம் பண்ணிட்டு தனியா போய் மாசக்கணக்கா நண்பனைப் பாக்காமக்கூட இருப்பாரு. ஹோம்ஸும் அப்படித்தான், ஃபிக்ல பாதி பேச்சு உணர்ச்சிதான், இங்க மனுஷன் உணர்ச்சின்னாலே முகம் சுளிக்கறாரு. நாங்க எல்லாரும் சேர்ந்து பத்து வருஷமா ஒருத்தரை ஒருத்தர் படிச்சுப் படிச்சு வேற ரெண்டு பேரை செஞ்சு வெச்சிருக்கோம். ஃபேண்டம்ல இதுக்கு ஃபேனான்னு பேரு. இது புதுசும் இல்ல, எலிமெண்ட்ரி மை டியர் வாட்சன்னு ஊரே சொல்லுதே, டாயல் எழுதின ஒரு கதையிலகூட அந்த வாக்கியம் அப்படி வராது.

அப்புறம் தி த்ரீ காரிடெப்ஸ்னு ஒரு கதைக்கு வந்தேன். 1924ல வந்தது, அதாவது முதல் நாவல் 1887ல வந்து 37 வருஷம் கழிச்சு. கதை என்னவோ சுமார்தான், பழைய ஒரு கதையோட ஐடியாவையே திருப்பிப் போட்டிருப்பாரு. கடைசில திருடன் சுட்டுடறான், வாட்சன் தொடைல குண்டு உரசிட்டுப் போகுது, ஹோம்ஸ் ஓடி வந்து தாங்கிப் பிடிக்கறாரு, அந்த கண்ணு ஒரு கணம் கலங்குது, அந்த உதடு நடுங்குது. அவ்ளோதான். ரெண்டு மூணு வரி. அப்புறம் திருடனைப் பாத்து, வாட்சனை கொன்னிருந்தா நீ உயிரோட இந்த ரூமை விட்டு போயிருக்க மாட்டேன்னு சொல்றாரு. உடனே கேஸ் பக்கம் திரும்பிடறாரு.

இந்த காட்சிய வெச்சு எழுதின ஃபிக் நான் எத்தனை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. வாட்சனுக்கு குண்டு படுது, ஹோம்ஸ் உடையறாரு, அது ஒரு தனி டேகே வெக்கலாம், அத்தியாயத்துக்கு ஒரு தடவை உதடு நடுங்கும். ஒவ்வொண்ணும் எனக்கு புடிச்சுது. ஆனா வரிசையா ஐம்பது கதை உணர்ச்சியே காட்டாத ஒரு ஆளோட உக்காந்து, அவரு வாட்சனை மட்டம் தட்டறதைப் பாத்து, சில நாள் எரிச்சல்கூட பட்டு, அப்புறம் இந்த மூணு வரிக்கு வந்தப்ப எனக்கு வந்தது வேற. அன்னிக்கு அழல. எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்து அந்த பக்கத்தை மறுபடி படிச்சேன், வாட்சன் அங்க சொல்றாரு, இத்தனை வருஷ சேவைக்கும் அந்த ஒரு நொடி போதும்னு தோணுச்சுங்கற அர்த்தத்துல. எனக்கும் அதே தோணுச்சு. ஐம்பது கதை காஞ்சு கிடந்ததுக்கு.

டாயல் இத திட்டம் போட்டு செஞ்சாருன்னுகூட நான் நம்பல, அந்த ஆளுக்கு ஹோம்ஸ்னாலே அலுப்பு, 1893ல அருவில தள்ளி கொன்னே போட்டவரு, அப்புறம் வேற வழியில்லாம 1903ல எழுப்பிக் கொண்டு வந்தாரு. ஆனா பட்டினி போட்டாரு. ஃபிக் பட்டினி போடாது, அதால முடியாது, ஏன்னா பசிக்குதுன்னு சொன்னவங்களுக்காக பசிச்சவங்களே சமைக்கறது அது. நடு ராத்திரி பசிக்கு அதைவிட நல்ல சோறு கிடையாது. மூணு வேளையும் அதையே சாப்பிட்டதுதான் நான் பண்ணினது.

மீதி குறைங்களை வேகமா சொல்லிடறேன். தரம் மேடு பள்ளம், அச்சு புஸ்தகத்துலயும் குப்பை இருக்கு ஆனா அங்க யாரோ ஒருத்தர் ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லியிருப்பாங்க, இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. நாலு லட்சம் வார்த்தை கதை ஒண்ணு படிச்சேன், ஒரு நாவல் சாதாரணமா எண்பதாயிரம் ஒரு லட்சம் வார்த்தைதான் இருக்கும்னு நினைச்சுக்கோங்க, இதுல தாராளமா ரெண்டு லட்சத்தை வெட்டியிருக்கலாம், ஒரு நல்ல எடிட்டர் கையில கிடைச்சிருந்தா அது பொக்கிஷம். ஆனா ஒண்ணு, நாலு லட்சத்தையும் நான் ஒன்பது நாள்ல முடிச்சேன், அதனால நான் பேசக்கூடாது.

பாதில நிக்கறது இன்னொரு வேதனை. அத்தியாய எண்ணிக்கை 17, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. கடைசி அப்டேட் ரெண்டு வருஷம் முன்னாடி. கடைசி குறிப்புல எக்ஸாம் முடிஞ்சதும் வர்றேன்னு எழுதியிருப்பாங்க. எந்த எக்ஸாமும் ரெண்டு வருஷம் நடக்காது. கீழ கமெண்ட்ல ஆளுங்க நல்லா இருக்கீங்களா கதை வேணாம் நீங்க நல்லா இருந்தா போதும்னு எழுதிட்டே இருப்பாங்க, அத படிக்கறப்ப கதைய விட அதுதான் நெஞ்சை பிசையும். முடிஞ்சது மட்டும் காட்டுன்னு ஃபில்டர் போட்டா இந்த தொல்லை இல்ல, ஆனா வாராவாரம் காத்திருந்து படிக்கற தொடர்கதை சுகமும் போயிடும். சில பேர் ஒரு நாள் காலைல மொத்தத்தையும் அழிச்சிட்டு போயிடுவாங்க, அது அவங்க உரிமை, அழிக்க மனசில்லாதவங்களுக்கு ஆர்ஃபனிங்னு ஒரு வழி வெச்சிருக்காங்க, கதை இருக்கும் பேரு மட்டும் கழண்டுடும், அனாதைக் கதை. பேரு வெச்சவங்க கவிஞர்தான். புடிச்சதை உடனே இபப் இறக்கி வெச்சுக்கோங்க, நான் ரெண்டை தொலைச்ச பிறகுதான் கத்துக்கிட்டேன்.

அப்புறம் தமிழ்ல ரொம்ப கம்மி. மொழி ஃபில்டர்ல தமிழைப் போட்டா லிஸ்ட் சட்டுனு முடிஞ்சிடும். மூணு வருஷம் முழுக்க இங்கிலீஷ்லயே படிச்சதுல என் தமிழ் வாசிப்பு வேகம் குறைஞ்சே போச்சு, ஒரு பாராவை ரெண்டு தடவை படிக்க வேண்டியிருந்துச்சு, அது வேற அவமானம். இதுக்கு சைட் என்ன பண்ணும், நாம எழுதினாத்தான் வரும்.

யாருக்கு சொல்லுவேன்னா, ஒரு கதை முடிஞ்சு போச்சேன்னு வயித்தெரிச்சல் பட்ட யாருக்கும். படிக்கற பழக்கமே விட்டுப்போனவங்களுக்கு நிச்சயமா, அறிமுகம் பண்ற பாரம் இல்லாததால சுலபமா உள்ள இழுத்துடும். எழுத ஆசைப்படறவங்களுக்கு இதவிட நல்ல பட்டறை கிடையாது, அன்னிக்கே நாலு பேர் படிச்சு சொல்லிடுவாங்க. ஆனா இதுமட்டும்தான் படிக்கறேன்னு ஒருத்தர் சொன்னா, படிப்பே இல்லன்னு திட்ட மாட்டேன், அந்த ஃபில்டர்ல வேணாம்னு என்னென்ன போட்டு வெச்சிருக்கீங்கன்னு மட்டும் கேப்பேன். நான் போட்டு வெச்சிருந்தது 22 டேக். ஆரம்பத்துல மூணுதான் இருந்துச்சு.

இப்ப என் ஏற்பாடு என்னன்னா, பகல்ல ஃபிக், ராத்திரி புஸ்தகம், ஃபோன் அடுத்த ரூம்ல. புஸ்தகத்துக்கு முதல் அறுபது பக்கம் வரைக்கும் நெட்ல எதையும் தேடறதில்லன்னு சபதம், ரெண்டு தடவை மீறியாச்சு. ஃபிக்ல வாரத்துக்கு ஒண்ணு டேக்ஸ் பாக்காம திறக்கறேன், ஆர்க்கைவ் எச்சரிக்கைய மட்டும் பாத்துட்டு மீதிய கண்ணை சுருக்கிட்டு ஸ்க்ரோல் பண்ணிடறேன். போன வாரம் அப்படி திறந்த ஒண்ணுல வாட்சன் மூணாவது பாராவுலயே கிழவர், ஹோம்ஸ் செத்து ஆறு வருஷம் ஆச்சு, அவரு வளர்த்த தேனீப் பெட்டிங்களை என்ன பண்றதுன்னு தெரியாம வாட்சன் நிக்கறாரு. டேக் பாத்திருந்தா ஜென்மத்துக்கும் திறந்திருக்க மாட்டேன். குடோஸ் குடுத்துட்டு கமெண்ட் பாக்ஸைத் திறந்து வெச்சிருக்கேன், மூணு நாளா என்ன எழுதறதுன்னு வரல.

அந்த விளக்கு துடைக்கற ஆளையும் மறுபடி எடுத்திருக்கேன். முடிவு தெரியும், நானே கெடுத்துக்கிட்டது, இருந்தாலும் பரவால்ல. 58ஆவது பக்கம். அந்தம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசல.